கொடி மட்டும் விடுதலையாகுமா?



ஒரு நாடு தன் கொடியை ஏற்றிவிட்டால் விடுதலை பெற்றதாகிவிடுமா? உடுக்கும் உடையும் உழும் கருவியும் முன்பு ஆண்ட நாட்டிலிருந்தே வருமானால், அவ் விடுதலைக்குப் பொருள் என்ன? அமெரிக்கக் குடியரசு தன் இளமையில் எதிர்கொண்ட வினா இது.

1750இல் ஆங்கிலேய நாடாளுமன்றம் ஒரு சட்டம் செய்தது. அமெரிக்கக் குடியேற்றங்கள் பண்படா இரும்பை இங்கிலாந்துக்கு அனுப்பலாம். ஆனால், எஃகு செய்யும் புதிய உலையைத் தம் மண்ணில் எழுப்பலாகாது! மண் உன்னுடையது, வினைத்திறம் என்னுடையது என்பதன்றோ இதன் கருத்து?

1776இல் அம் மக்கள் விடுதலை அறிவித்தனர். 1783இல் ஆங்கில அரசு அதனை ஒப்புக்கொண்டது. எனினும், போர்க்கப்பல்கள் அகன்ற துறைகளில் ஆங்கிலச் சரக்குக் கப்பல்கள் வந்து குவிந்தன. படையால் வெல்ல இயலாத நாட்டைத் துணியால் வெல்லும் நிலை!

சார்சு வாசிங்டன் இதனை உணர்ந்திருந்தார். 1789 ஏப்பிரல் 30இல் முதற் குடியரசுத் தலைவராகப் பொறுப்பேற்றபோது, ஆர்ட்போர்டு நகரில் நெய்த பழுப்பு நிறக் கம்பளியுடையையே அணிந்தார். அவ்வாண்டு சூலை 4இல் அவர் ஒப்பமிட்ட இறக்குமதி வரிச் சட்டம், உள்நாட்டுத் தொழிலைக் காத்தலையும் தன் நோக்கங்களுள் ஒன்றாகக் கூறிற்று. உழவு மட்டும் போதாது, ஆலைத் தொழிலை அரசே கைகொடுத்து வளர்த்தல் வேண்டும் என்று 1791 திசம்பரில் கருவூலச் செயலர் அலெக்சாந்தர் ஆமில்டன் அறிக்கை அளித்தார்.

நூற்புப் பொறிகளும் அவற்றை அறிந்த கைவினைஞரும் வெளியேறாதவாறு ஆங்கிலச் சட்டம் தடுத்திருந்தது. சாமுவேல் சுலேட்டர் என்னும் இளைஞரோ பொறியின் அமைப்பை நெஞ்சிலேயே சுமந்து 1789இல் கப்பலேறினார். மோசசு பிரவுன் முதலிட, உள்ளூர்க் கைவினைஞர் துணைநிற்க, 1790இல் பாட்டக்கெட்டு என்னும் ஊரில் நீர்விசையால் பருத்தி நூற்கும் பொறிகள் ஓடின.

ஆலைகள் ஐரோப்பாவிலேயே இருக்கட்டும் என்று 1785இல் வெளிவந்த தம் நூலில் எழுதியவர் தாமசு செபர்சன். 1812இல் இங்கிலாந்துடன் போர் மூண்டது, கடல்வழி அடைபட்டது. பட்டறிவு அவரையும் மாற்றிற்று. நாட்டின் விடுதலைக்கே தொழிலாக்கம் இன்றியமையாதது என 1816இல் அவரே மடல் எழுதினார். மொழித்துறையிலும் அவ்வுணர்வே எழுந்தது. நோவா வெப்சுடர் ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட அமெரிக்க அகரமுதலியை 1828இல் வெளியிட்டார்.

ஆயினும் தோழர்களே, இப் பெருமையின் மறுபக்கத்தை மறைத்தல் அறமாகாது. ஆலைகள் நூற்ற பருத்தியை விளைவித்தவர் யார்? 1793இல் எலி விட்னி ஆக்கிய, பருத்திக் கொட்டை நீக்கும் பொறி தென்மாநிலங்களில் பருத்தி வேளாண்மையைப் பெருக்கிற்று. 1790இல் ஏறத்தாழ 7 இலக்கமாக இருந்த அடிமைகளின் தொகை, 1860இல் 40 இலக்கத்தை நெருங்கிற்று. வடக்கின் ஆலையையும் தெற்கின் அடிமைக் களத்தையும் ஒரே பருத்தி நூல் பிணைத்திருந்தது. இலோவெல் நகர ஆலைகளின் இளம் பெண்களும் 1834இல் கூலிக் குறைப்பை எதிர்த்து வேலை நிறுத்தம் செய்ய நேர்ந்தது. தீராத அடிமைச் சிக்கல் 1861இல் உள்நாட்டுப் போராக வெடித்தது.

தன் தேவையைத் தானே ஆக்கிக்கொள்ளாத நாடு தலைநிமிராது. தன் மக்களுள் ஒரு பகுதியை அடிமையாக்கி உயரும் நாடோ பிளவுபடாமல் நிலைக்காது. முதல் உண்மையைப் போற்றி இரண்டாவதை மறப்பவர், அந் நாட்டின் வரலாற்றில் பாதியையே படித்தவராவர்!