பூட்டிய வீட்டினுள் ஒரு பூனை



ஒரு பூனையை அடைத்து வைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரைதேட விடவும் செய்யாமல் சாகடித்த பெண் நரக வேதனைக்குள்ளானாள் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது.

நாம் அப்படிச் செய்யமாட்டோம் என்றே எண்ணுகிறோம். ஆனால், தனியே வாழும் ஒருவர் திடீரென நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால், பூட்டிய வீட்டினுள் இருக்கும் பூனையின் நிலை என்ன? கூண்டுப் புறாக்களுக்குத் தண்ணீர் வைப்பவர் யார்?

எனவே, உடல்நலத்தோடு இருக்கும்போதே நம்பகமான ஒருவரின் சம்மதம் பெற்று, மாற்றுச் சாவியை ஒப்படையுங்கள். உணவின் அளவு, தடுப்பூசி விவரம், கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். தீவனச் செலவுக்கும் பணம் ஒதுக்குங்கள். பொறுப்பேற்றவரின் எண் உங்கள் பணப்பையிலும் இருக்கட்டும்.

வாயில்லா ஜீவன்களும் நம்மிடமுள்ள அமானிதமே. அதைப் பேணும் நன்மக்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.