கடன் முடிஞ்ச பிறகு ஏரியை யார் பார்ப்பாங்க?

புதுசா கேட்கிறவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்: நான் மென்பொருள் பொறியாளர். வேலை சென்னையில், சொந்த ஊர் உத்திரமேரூர் பக்கம். நம்ம நேயர் ஒருத்தர் கேட்டிருந்தார்: "உலக வங்கி, ஜைக்கா, ஆசிய வளர்ச்சி வங்கின்னு செய்தியில் வந்துட்டே இருக்கு. இவங்க பணம் நம்ம கிராமத்துப் பக்கம் என்ன செய்யுது?" நல்ல கேள்வி. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறோம்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. 2015-ல் ஐ.நா. சபை 17 நிலையான வளர்ச்சி இலக்குகளை ஏற்றுக்கொண்டது. அதில் ஒன்பதாவது இலக்கு தொழில், புத்தாக்கம், உள்கட்டமைப்பு பற்றியது. அந்த உள்கட்டமைப்பு எதையும் தாங்கி நிற்கணும் என்பது அதில் முக்கியம். உள்கட்டமைப்புன்னு சொன்னதும் நமக்குச் சென்னை மெட்ரோ ஞாபகம் வரும். ஜைக்கா கடனில் வந்த திட்டம் அது. ஆனா எங்க பக்கம் ரொம்பப் பழைய உள்கட்டமைப்பு எதுன்னா, ஏரிதான். கரை, மதகு, கலங்கல், வரத்துக்கால்வாய், எல்லாம் சேர்ந்தது ஒரு ஏரி. உத்திரமேரூர் ஏரிக்குச் செய்யாற்றிலிருந்து தண்ணி வருது. பல்லவர் காலத்து ஏரி அது, கல்வெட்டில் அதன் பேரு வைரமேக தடாகம்.

"தாங்கி நிற்கணும்"னா என்ன அர்த்தம்? 2015 டிசம்பரில் எங்க மாவட்டம் வெள்ளத்தில் கிடந்தது. அடுத்த வருஷமே வடகிழக்குப் பருவமழை பொய்த்துப் போச்சு. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுக்க வறட்சி மாநிலமா அறிவிக்கப்பட்டது. பதினான்கு மாசத்துக்குள்ள ரெண்டும். வெள்ளத்தில் உடையாம நிற்கிற அதே கரைதான், வறட்சிக்குத் தண்ணியைச் சேர்த்து வைக்கணும்.

சரி, இதில் உலக வங்கி எங்க வருது? தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கு. இவற்றுக்காக வெளிநாட்டு நிதி வருவது புதுசு இல்ல. 1980-களிலேயே ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியில் ஏரி நவீனமயமாக்கல் நடந்தது. 2007-ல் உலக வங்கிக் கடனில் நீர்வள நிலவளத் திட்டம் வந்தது. மதிப்பு சுமார் 2,500 கோடி ரூபாய், 63 உபவடிநிலங்கள். அது 2015-ல் முடிஞ்சது. 2017 டிசம்பரில் அடுத்த திட்டத்துக்கு ஒப்பந்தம் போட்டாங்க, கடன் 31.8 கோடி டாலர். 66 உபவடிநிலங்களில் சுமார் 4,800 ஏரிகளையும் 477 தடுப்பணைகளையும் சீர்செய்வது இலக்கு.

இதில் நல்ல விஷயமும் இருக்கு. அப்போ ஏரியைப் பொதுப்பணித்துறை பார்த்தது, பயிரை வேளாண்துறை பார்த்தது, மீனை மீன்வளத்துறை பார்த்தது. இந்தத் துறைகளை ஒரே திட்டத்துக்குள்ள கொண்டு வந்தது நீர்வள நிலவளத் திட்டம். குறைந்த தண்ணியில் விளையும் திருந்திய நெல் சாகுபடியை ஏரி வேலையோட சேர்த்துப் பரப்பினாங்க. தண்ணி வந்தா மட்டும் போதாது, அதை வெச்சு என்ன விளையுதுன்னும் கணக்குப் பார்த்தாங்க.

ஆனா ஒண்ணு கவனிங்க. இது நன்கொடை இல்ல, கடன். வட்டியோட நம்ம வரிப்பணத்தில் திருப்பிக் கட்டணும். ரெண்டாவது, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு முடிவுத் தேதி உண்டு. அந்தத் தேதியில் நிறைவு அறிக்கை எழுதி, மதிப்பெண் போட்டு, கோப்பை மூடிடுவாங்க. ஏரிக்கு முடிவுத் தேதி கிடையாது. ஒவ்வொரு மழையும் கொஞ்சம் வண்டலைக் கொண்டு வந்து போடும். சீமைக்கருவேலம் திரும்ப முளைக்கும். மதகு ஷட்டர் துருப்பிடிக்கும்.

என் வேலையில் இருக்கிறவங்களுக்கு இது உடனே புரியும். புது ரிலீஸுக்குப் பட்ஜெட் கிடைக்கும், கேக் வெட்டுவாங்க. மெயின்டனன்ஸுக்கு ஆள் கேட்டா யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் விழுந்தா போனை எடுக்கப் போறது யாருன்னு பேர் எழுதலைன்னா, அந்த சிஸ்டம் ஒரு நாள் விழும். எங்க பெரியப்பா விவசாயி. அவர் இதையே வேற மாதிரி கேட்பார்: "பேங்க்காரன் காசு கொடுத்தான் சரிடா, ராத்திரி மழையில போய் மதகைத் திறக்கிறது யாரு?"

இந்தக் கேள்விக்கு எங்க ஊர்க் கல்லிலேயே ஒரு பதில் இருக்கு. முதலாம் பராந்தக சோழன் காலம், 919, 921-ம் ஆண்டுக் கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல்னு பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்பீங்க. அந்தத் தேர்தல் யாருக்காகன்னு நாம அதிகம் பேசுறதில்ல. அதில் ஒண்ணு ஏரி வாரியம்: ஆறு பேர், 360 நாள் பதவி. முன்னாடி வாரியத்தில் இருந்துட்டுக் கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்க முடியாது, அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. ஏரியில் தூர் வாருறதுக்குன்னே விட்ட தானங்களும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் பதிவாகியிருக்கு.

இதை நான் பொற்காலம்னு சொல்ல வரல. நிலமும் சொந்த மனையில் வீடும் இருந்த, வேதம் படிச்ச பிராமண ஆண்களுக்கு மட்டும்தான் அந்தத் தேர்தல். கரையில் மண் சுமந்தவங்க பேர் அந்த ஓலையில் இல்ல. ஆனா மூணு விஷயத்தை எடுத்துக்கலாம்: பொறுப்புக்கு ஆள், பராமரிப்புக்குத் தனிப் பணம், கணக்குக் காட்டணும்கிற கட்டாயம்.

இன்னைக்கும் சட்டம் இல்லாம இல்ல. 2000-ம் ஆண்டு விவசாயிகள் பாசன அமைப்பு மேலாண்மைச் சட்டப்படி, ஆயக்கட்டு விவசாயிகள் ஓட்டுப் போட்டு நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதுவும் இன்னொரு உலக வங்கித் திட்டம் நடந்துகொண்டிருந்த காலத்தில் வந்ததுதான். 2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கினது எங்க காஞ்சிபுரம் மாவட்டத்து மணிமங்கலத்தில்தான். அதில் விவசாயிகள் பத்து சதவீதம் பங்கு தரணும்னு வெச்சாங்க. சட்டமும் இருக்கு, சங்கமும் இருக்கு. அந்தச் சங்கத்துக்கு வருஷா வருஷம் வர்ற நிலையான பணம் எதுன்னு கேட்டாத்தான் பதில் தடுமாறுது.

அதனால என் கருத்து இது: அடுத்த சர்வதேசக் கடனுக்குக் கையெழுத்துப் போடும்போது, எத்தனை ஏரின்னு கேட்கிறதோட நிறுத்தாம, திட்டம் முடிஞ்சு அஞ்சாவது வருஷம் எத்தனை மதகு வேலை செய்யணும், அதுக்கு யார் பணம் தருவாங்கன்னும் ஒப்பந்தத்தில் இருக்கணும்.

நாம என்ன செய்யலாம்? முதல்ல உங்க ஏரி யார் கையில்னு தெரிஞ்சுக்கங்க. பொதுவா 40 ஹெக்டேருக்கு மேல ஆயக்கட்டு இருந்தா நீர்வளத்துறை, குறைவா இருந்தா ஊராட்சி ஒன்றியம். கிராம சபை வருஷத்துக்கு ஆறு முறை கூடுது. அதில் ஒரு தடவையாவது எழுந்து, "போன வருஷம் நம்ம ஏரிக்கு எவ்வளவு செலவாச்சு, யார் பார்த்தாங்க?"ன்னு கேளுங்க. பதில் என்ன வந்துச்சுன்னு எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி, வந்த பதில்களை மட்டும் வெச்சு ஒரு எபிசோட் பண்ணுவோம்.