எண் ஒன்றே, பொருள் நான்கு

கருக்களாச்சேரிக் கடற்கரையில் சிறிது நேரம் நின்றால், உளநூலார் கூறும் நால்வகை அளவைகளும் விளங்கிவிடும். அவற்றை 1946-இல் வகுத்துரைத்தவர் அமெரிக்க அறிஞர் எஸ். எஸ். ஸ்டீவன்ஸ்.

படகின்மேல் எழுதிய எண் வெறும் பெயர்; கூட்டினால் பொருளில்லை. முதலில் கரை சேர்ந்த படகு, அடுத்தது என்பது வரிசை. இடையே சென்ற நேரத்தை அது சொல்லாது. வெப்பமானியில் இடைவெளிகள் சமம். ஆயினும் 30 பாகை, 15 பாகையினும் இருமடங்கு வெப்பமன்று. அங்கே சுழி என்பது வெப்பமே இன்மையன்று. மீனின் எடையிலோ சுழி மெய்யான சுழி. 20 கிலோ, 10 கிலோவின் இருமடங்கே.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை காரைக்கால் கரையைத் தாக்கியது. அத்தகைய துயருற்றோரிடம் ஆய்வாளர், அச்சம் சிறிதுமில்லையேல் 0, மிக அதிகமாயின் 4 என்று எண்ணிடுவதுண்டு. இவ்வெண்கள் வரிசையையே காட்டுவன. 4 குறித்த தாய், 2 குறித்தவளினும் இருமடங்கு கலங்கினாள் எனல் பொருந்தாது. இத்தகைய எண்களைக் கூட்டிச் சராசரி காணலாமா என்பதில் அறிஞரிடையே இன்றும் வாதம் உண்டு. 0 குறித்த சிறுவனுக்கு உள்ளத்தில் வடுவே இல்லை என்று விட்டுவிடுவதோ பெரும்பிழை.

அப்பிழையை நானும் செய்தவன். கணக்கில் 0 வாங்கிய மீனவச் சிறுவனை, "ஒன்றும் அறியான்" என்று ஏட்டில் எழுதினேன். வலையின் கண்களை எண்ணவும், பிடித்த மீனைப் பங்கிடவும் அவன் அறிவான். நான் இட்ட சுழி, மீன் தராசின் சுழியன்று என்பதை அன்று உணர்ந்திலேன்.