கொண்டை ஊசி வளைவில் எத்தனை விசைகள்?



கச்சிராயபாளையத்தைக் கடந்து கல்வராயன் மலைமேல் ஏறி வெள்ளிமலைக்கு வரும் சாலையிலேயே விசைகளைப் பற்றிய இந்தக் கருத்தரங்கின் பாடம் தொடங்கிவிடுகிறது. கொண்டை ஊசி வளைவில் பேருந்து திரும்பும்போது பயணிகள் வெளிப்பக்கம் சாய்கிறார்கள்; ஏதோ ஒன்று தங்களைத் தள்ளியதாக நினைக்கிறார்கள். அந்தத் தள்ளலுக்கு மையவிலக்கு விசை என்று பத்தாம் வகுப்பு மாணவர் சட்டெனப் பெயர் சொல்லிவிடுவார். சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு அப்படியொரு விசையே தென்படாது. பயணியின் உடல் நேராகப் போகப் பார்க்கிறது, பேருந்து திரும்பிக்கொள்கிறது, அவ்வளவே. திருப்புவது டயருக்கும் தார்ச்சாலைக்கும் இடையே உள்ள உராய்வு. அது வளைவின் உட்பக்கம் நோக்கி இழுக்கிறது.

இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 12 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவு என்று வைத்துக்கொண்டால், காய்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.7 எனும்போது மணிக்கு 33 கிலோமீட்டர் வேகம் வரை டயர் வழுக்காது. மழையில் கெழு 0.4 ஆகக் குறைந்தால் எல்லை 25 கிலோமீட்டர்தான். மலைச்சாலை ஓட்டுநர்கள் இதை எந்தச் சூத்திரமும் இல்லாமல் அறிந்திருக்கிறார்கள்.

நம் பள்ளிகளில் விசைகள் பட்டியலாகவே வந்து சேர்கின்றன: உராய்வு விசை, இழுவிசை, செங்குத்து விசை, மீள்விசை, மிதப்பு விசை, ஈர்ப்பு விசை. மாணவர் மனப்பாடம் செய்கிறார், ஐந்து மதிப்பெண் பெறுகிறார். அந்தப் பட்டியல் ஏன் நான்கே அடிப்படை விசைகளாகச் சுருங்குகிறது என்பதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை. இயற்பியலின் பேரழகு அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. ஆகவே வகுப்பறையும் அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது இந்தத் தலைமை உரையின் கோரிக்கை.

கிணற்றுக் கயிற்றின் இழுவிசை, பாறை பாதத்தைத் தாங்கும் விசை, டயரின் உராய்வு, மூங்கில் வளைந்து நிமிரும் விசை ஆகிய எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது மின்காந்த விசை ஒன்றே. பாறை பாதத்தைத் தாங்கும்போது, அணுக்களின் வெளிப்புறத்தில் உள்ள எலக்ட்ரான்கள் நெருங்குவதால் எழும் எதிர்ப்பு அது; இரு எலக்ட்ரான்களை ஒரே நிலையில் இருக்க விடாத பவுலியின் விலக்கல் விதியும் அதனுடன் சேர்ந்து நிற்கிறது. இந்த மலையின் மேகம் அருவிப் பக்கம் பெய்யும் மழைக்கும் இந்தக் கதை பொருந்தும். காற்றின் தடை இல்லையென்றால், 1 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழும் துளி மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் தலையைத் தாக்கும். மிகப் பெரிய துளியும் உண்மையில் மணிக்கு 30 கிலோமீட்டரை ஒட்டிய வேகத்தில்தான் இறங்குகிறது. காற்றின் மூலக்கூறுகள் துளியில் மோதித் தடுக்கின்றன. அதுவும் மின்காந்தமே.

ஈர்ப்பு தனிக்குடும்பம். அடிவாரத்திலிருந்து 700 மீட்டர் உயரம் ஏறிய 60 கிலோ நிறையுள்ள ஒருவரை நுட்பமான சுருள்வில் தராசில் நிறுத்தினால், உயரத்தால் மட்டும் 13 கிராம் குறைந்து காட்ட வேண்டும். ஆனால் காலடியில் கிடக்கும் மலையும் அவரை இழுக்கிறது. அந்தக் குறைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அது ஈடுகட்டிவிடும். தட்டுத் தராசிலோ எந்த வேறுபாடும் தெரியாது, எடைக்கல்லும் அதே அளவு இளைத்திருக்கும். நிறைக்கும் எடைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இந்த மலையைவிட நல்ல ஆய்வுக்கூடம் சமவெளிப் பள்ளிகளுக்கு வாய்க்காது.

எஞ்சிய இரண்டும் அணுக்கருவுக்குள் வாழ்பவை. புரோட்டான்களின் மின்விலக்கத்தை மீறிக் கருவைக் கட்டி வைப்பது வலிமையான விசை. கல்பாக்கம் அணு உலையின் வெப்பம் முழுவதும் அதிலிருந்தே வருவதாகப் பலர் கற்பிக்கிறார்கள். உண்மையில், யுரேனியக் கரு பிளந்ததும் இரு துண்டுகளும் ஒன்றையொன்று மின்விலக்கத்தால் உதைத்துப் பறக்கின்றன. வெப்பத்தின் பெரும்பகுதி அந்த ஓட்டத்திலிருந்தே கிடைக்கிறது. இந்த நுணுக்கத்தைப் பாடத்தில் விட்டுவிடக் கூடாது.

மற்றொன்றான வலுக்குறைந்த விசையைத் தொலைவில் தேட வேண்டாம். இந்த மலையில் விளையும் மரவள்ளிக் கிழங்கிலும் பொட்டாசியம் உண்டு. அதில் மிகச் சிறு பங்கான பொட்டாசியம்-40 இந்த விசையால்தான் சிதைகிறது. அதன் அரை ஆயுட்காலம் 125 கோடி ஆண்டுகள். வளர்ந்த மனிதர் உடலிலேயே நொடிக்கு ஏறத்தாழ 4,000 பொட்டாசியம் அணுக்கள் சிதைகின்றன.

வலுக்குறைந்த விசையின் கணித வடிவத்தை 1957இல் ராபர்ட் மார்ஷாக்குடன் சேர்ந்து கண்டவர் இ. சி. ஜி. சுதர்சன். கேரளத்தில் பிறந்து தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர்; பிற்காலத்தில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். அடுத்த ஆண்டு ஃபைன்மனும் கெல்மனும் அதே வடிவத்தை வெளியிட, உலகம் அவர்கள் பெயரையே முதலில் சொன்னது. 1979இல் கிளாஷோ, சலாம், வைன்பெர்க் மூவரும் நோபல் பரிசு பெற்றது, மின்காந்தமும் வலுக்குறைந்த விசையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை எனக் காட்டியதற்காக. அந்த வழியில் சுதர்சனின் பங்கு அடித்தளமானது. நம் மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் அவர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும்.

இன்றைய அமர்வுகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். விசையைப் பற்றிய ஒவ்வொரு வினாவும் எது, எதன்மீது, எந்தத் திசையில் செலுத்துகிறது என்று கேட்கட்டும். இங்குள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் ஒரு சுருள்வில் தராசும், ஒரு சாய்தளப் பலகையும், நிறுத்து கடிகாரமும் மாணவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்; பூட்டிய அலமாரிக்குள் வேண்டாம். கட்டுரை படிப்போர் தங்கள் சோதனைகளில் ஒன்றையாவது வெள்ளிமலை மாணவர்களோடு சேர்ந்து நாளை காலை செய்து காட்டட்டும். முதல் அமர்வு உராய்வைப் பற்றியது. கட்டுரையாளர்கள் மேடைக்கு வரலாம்.