கரி பூசிய முகமும் கரி பூசாத முகங்களும்



பெர்ட் வில்லியம்ஸ் பற்றிப் பேசச் சொன்னீங்க. சிரிப்பு நடிகரைப் பற்றிய பேச்சுதான். ஆனால் சிரிக்கிறதுக்கு இதில் அதிகம் கிடையாது.

1874இல் பஹாமாஸ் தீவுகளில் பிறந்தவர். சின்ன வயசிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா வந்தார். அன்றைய அமெரிக்க மேடையில் 'கருப்பர்' யார் என்று பாருங்கள். தக்கையைச் சுட்டுக் கரியாக்கி முகத்தில் பூசி, உதட்டைப் பெரிதாக வரைந்துகொண்ட வெள்ளைக்காரர்! சோம்பேறி, கோழி திருடன், மடையன் என்று கருப்பர்களை ஆடிக் காட்டுவார். 'மின்ஸ்ட்ரல்' என்கிற அந்தக் கூத்து பல பத்தாண்டுகள் காசு குவித்த வியாபாரம்.

நிஜமான கருப்பர் மேடையேற வந்தபோது அவரும் அதே கரியைப் பூச வேண்டியிருந்தது. வில்லியம்ஸோ கொஞ்சம் வெளிர் நிறம். ஒரு கருப்பர் கருப்பராக நடிக்க அவருடைய சொந்தத் தோல் போதவில்லை. ஆதிக்கம் தனக்கு வேண்டிய அடையாளத்தைத் தானே செய்து, அதை நம்மையே சுமக்க வைக்கும் என்பதற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்?

1893இல் சான்பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் வாக்கரோடு சேர்ந்தார். வோட்வில் மேடைகளில் தங்களை 'இரண்டு அசல் கூன்கள்' என்று விளம்பரப்படுத்திக்கொண்டார்கள். கூன் என்பது கருப்பர்களைத் திட்டும் வசை. வெள்ளைக்காரன் போலி, நாங்கள்தான் அசல் என்று வசைச்சொல்லையே திருப்பிப் போட்டு மேடைக்குள் நுழைந்தார்கள். 1903இல் 'இன் டஹோமி' பிராட்வேக்கு வந்தது. எழுதியவர், இசையமைத்தவர், ஆடியவர் எல்லாரும் கருப்பர்கள். அதே வருஷம் லண்டனில் அரண்மனை வரைக்கும் போய் ஆடினார்கள். நியூயார்க்கிலோ அந்த நாடகத்தைப் பார்க்க வந்த கருப்பர்களுக்கு மேல்மாடியில்தான் இடம்.

வாக்கர் நோயில் விழுந்து 1911இல் இறந்தார். அதற்கு முன்பே, 1910இல், ஜீக்ஃபெல்டின் 'ஃபாலீஸ்' குழுவில் வில்லியம்ஸ் சேர்ந்துவிட்டார். வெள்ளை நடிகர்கள் எதிர்த்தார்கள். வெள்ளை நடிகையோடு தனியாக மேடையில் நிற்பதில்லை என்ற ஏற்பாட்டோடுதான் அவர் அங்கே நடித்தார்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது 1913 சங்கதி. பயோகிராஃப் கம்பெனிக்காக ஒரு மௌனப் படத்தில் நடித்தார். 'லைம் கில்ன் கிளப் ஃபீல்டு டே' என்று இப்போது அதைச் சொல்கிறார்கள். படம் வெளியாகவில்லை. கம்பெனியின் படச்சுருள்கள் 1939இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. 2014இல்தான் அதைத் தொகுத்துத் திரையிட்டார்கள். நூற்றியொரு வருஷம்!

அந்தக் காட்சிகளை நான் பார்த்தேன். கரி பூசியிருப்பது வில்லியம்ஸ் ஒருத்தர் மட்டுமே. சுற்றியிருக்கும் பெருங்கூட்டத்தில் மற்றவர்கள் தங்கள் சொந்த முகத்தோடு வருகிறார்கள். நல்ல உடை உடுத்தி நடனம் ஆடுகிறார்கள். வில்லியம்ஸும் கதாநாயகி ஒடெஸ்ஸா வாரன் கிரேயும் ராட்டினத்தில் சுற்றுகிறார்கள், முத்தமிடுகிறார்கள். கருப்பர்களின் காதலை மேடையில் காட்டக் கூசிய காலம் அது. வெள்ளை ரசிகருக்குப் பழகிப்போன கரியை ஒருத்தர் சுமந்ததால், மற்றவர்கள் மனிதர்களாகவே காமிரா முன் நிற்க முடிந்தது. நான் அதை அப்படித்தான் படிக்கிறேன்.

இரண்டே வருஷத்தில், 1915இல், 'பர்த் ஆஃப் எ நேஷன்' வந்தது. அதில் கரி பூசிய வெள்ளை நடிகர்கள் கருப்பர்களைக் காமவெறியர்களாகக் காட்டினார்கள். அது ஊரெல்லாம் ஓடியது. ராட்டினத்தில் சிரித்தவர்கள் பெட்டிக்குள் கிடந்தார்கள். 1916இல் வில்லியம்ஸின் இரண்டு குறும்படங்கள் வந்தன. அவற்றில் ஒன்றில் சிறைக்குள் தனியாக உட்கார்ந்து, இல்லாத ஆட்களுக்குச் சீட்டுப் போட்டு ஆடுவார். முகம், கை, மௌனம், அவ்வளவுதான். 1922இல் டெட்ராய்ட்டில் மேடையிலேயே சரிந்தார். அடுத்த மாதம் இறந்தார். வயசு 47.

கரி பூசியவர் துரோகியா, முன்னோடியா என்று கேட்கிறீர்கள். அவரை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள். கரி இல்லாவிட்டால் பார்க்கமாட்டேன் என்று சொன்ன ரசிகரையும், அந்த ரசனையை விற்ற முதலாளியையும் முதலில் விசாரியுங்கள். படம் கிடைத்தால் பாருங்கள். வில்லியம்ஸை மட்டும் பார்க்காமல், அவருக்குப் பின்னால் நிற்கும் முகங்களையும் பாருங்கள்.