பசியா, கவலையா?



தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 31 பேர் அதிக எடையோடு இருப்பதாக 2015-16 தேசியக் குடும்பநல ஆய்வு கூறியது. 2019-21 ஆய்வில் அது 40 ஆயிற்று. ஆண்களுக்கும் கூடியிருக்கிறது. உழைப்புக் குறைந்ததும், எண்ணெய், இனிப்புப் பண்டம் பெருகியதும் முக்கியக் காரணம். இன்னொன்றும் உண்டு: பசியில்லாமல் கவலைக்குச் சாப்பிடறது.

பசி மெள்ள வரும். பழைய சோறு கிடைத்தாலும் அடங்கும். கவலையில் வரும் ஆசை திடீரென்று வரும். முறுக்கு, மிக்சர்தான் கேட்கும். வயிறு நிறைந்தாலும் நிற்காது. கவலை நீடித்தால் உடம்பில் கார்ட்டிசால் என்ற சுரப்பு கூடி, இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் தேடவைக்கும்.

சுபாவமும் சேரும். சிலர் சொல்லித் தீர்ப்பார்கள். சிலர் மனசுக்குள்ளேயே புழுங்குவார்கள். கை தானாக டப்பாவுக்குப் போகும். சிலருக்கோ சோறே இறங்காது. இது யார் குற்றமும் இல்லை.

ஆகவே கணவன்மார்களே, "குண்டாயிட்டே" என்று கேலி வேண்டாம். கேலியும் ஒரு கவலைதான். "என்ன புள்ள, முகம் வாடியிருக்கு?" என்று கேளுங்கள். தாய்மார்களே, வட்டிக் கவலையில் அவர் டீக்கடையில் நாலு போண்டா தின்றால், "ஏங்க, என்ன யோசனை?" என்று கேளுங்கள். ஆசை வந்ததும் பத்து நிமிஷம் பொறுங்கள், தண்ணீர் குடியுங்கள், இருவரும் சற்று நடந்து வாருங்கள்.

இடுப்புச் சுற்று பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 சென்டிமீட்டரைத் தாண்டினால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பாருங்கள். மனக்கவலை விடாது இருந்தால் 14416 எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

மனம் விட்டுப் பேசுவோம்! பசியறிந்து உண்போம்!