சாட்சி சொல்ல எழுந்த அக்கா



பெண்களின் பக்தியைப் பற்றி மேடையில் பேச நமக்குக் கூச்சம். பேசினாலும் ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். பிடிக்காவிட்டால் மூடநம்பிக்கை, பிடித்துவிட்டால் எதிர்ப்பரசியல். அந்தப் பெண் என்ன சொல்கிறார் என்று நின்று கேட்டது குறைவு.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகிற சாலையில் இறங்கி எந்தக் காலனிக்குள் நடந்தாலும் ஒரு ஜெபவீடு கண்ணில் படும். தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலிகள், காதைப் பிளக்கும் ஸ்பீக்கர். உபவாச ஜெபத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நடவுக்குப் போகிறவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், கடற்கரை ரிசார்ட்டுகளில் அறை துடைக்கிறவர்கள். பாட்டு ஓய்ந்ததும் ‘சாட்சி சொல்லுகிறவர்கள் வரலாம்’ என்பார் பாஸ்டர். ஒரு அக்கா எழுந்து முந்தானையை இழுத்துப் போட்டுக்கொண்டு மைக்கைப் பிடிப்பார். புருஷனின் குடி, பிள்ளைக்கு வந்த காய்ச்சல், அம்மனுக்குக் கூழ் ஊற்றியது, பிறகு ஒரு ராத்திரி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட குரல். ஊர்ப் பஞ்சாயத்தில் ஓரமாக நிற்கிறவர் இங்கே பத்து நிமிஷம் பேசுகிறார், யாரும் குறுக்கிடுவதில்லை.

சமூகவியல் வகுப்பில் மதமாற்றத்துக்குக் காரணம் எழுதச் சொல்வார்கள். சாதி, வறுமை, நோய், கல்வி என்று எழுதி மதிப்பெண் வாங்கினோம். அந்தக் குரலை எந்தத் தலைப்பின் கீழ் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டோம்.

சந்தேகமும் அந்த அக்காவிடம் உண்டு. பூவையும் பொட்டையும் கழற்றிய பிறகும் புருஷன் ஏன் குடிக்கிறான்? ஜெபித்தும் ஏன் பிள்ளை பிழைக்கவில்லை? இதை மைக்கில் சொல்ல மாட்டார். வீடு திரும்பும் வழியில் பக்கத்தில் நடக்கிறவரிடம் சொல்வார். பிரசங்கபீடத்தில் நிற்பது பெரும்பாலும் ஆண்தான். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947இல், அதில் ஒரு பெண் பேராயர் ஆனது 2013இல். கன்னியர் மடத்திலிருந்து வெளியே வந்த பாமா 1992இல் ‘கருக்கு’ வெளியிட்டபோது, சபைக்குள் இருக்கும் சாதியைச் சபைக்குள் வாழ்ந்த ஒரு பெண்ணே எழுதினார். மேல்மருவத்தூரில் பெண்கள் கருவறைக்குள் போய்த் தாங்களே பூசை செய்கிறார்கள், மாதவிலக்கு அங்கே தடையில்லை. அந்தச் சிவப்புச் சேலையையும் நம் அம்மாக்களில் பலர் கட்டினார்கள். தேடல் ஒரு வாசலோடு நிற்கவில்லை.

ஆனால் நம் மக்களின் தேடலை அடுத்தவர் சோதிப்பது பழைய வழக்கம். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமென்ஹீர் பறையர்களின் நிலையைப் பற்றி அறிக்கை எழுதினார். நிலம் தருவதற்கான அரசாணை மறு ஆண்டு வந்தது. அந்தக் காலத்து மிஷனரிகளிலேயே சிலர், இவர்கள் சோற்றுக்காகச் சேர்கிறார்களா என்று சந்தேகப்பட்டார்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களோடு நிறுத்தியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் வெளியேதான். 2024 நவம்பரில், புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் இந்து என்று சொல்லிப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. நம்பிக்கையே இல்லாமல் சலுகைக்காக மதம் சொல்வது அரசமைப்புக்குச் செய்யும் மோசடி என்றது.

அந்தப் பெண் மதம் மாறியதால் சாதி அவரை விட்டுவிட்டதா? சேரியில் வீடு கேட்டுப் பாருங்கள், பதில் கிடைக்கும். சர்டிபிகேட்டில் ஒரு பெயர், ஜெபவீட்டில் ஒரு பெயர். விசாரணைக்கு விஏஓ வரும் நாளில் சுவரிலிருக்கும் வசனக் காலண்டரைக் கழற்றிப் பீரோவுக்குள் வைக்கிற வீடுகள் நமக்குத் தெரியும். அதை மோசடி என்று நம்மால் சொல்ல முடியவில்லை. மகள் காலேஜில் சேர அந்தக் காகிதம் வேண்டும்.

ஆகவே ஒரு வேலை இருக்கிறது. இந்தச் சாட்சிகளைப் பதிவு செய்ய வேண்டும், அந்தக் குரலையும் வழியில் பேசிய சந்தேகத்தையும் சேர்த்து, திருத்தாமல். மாணவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள். ஒரே நிபந்தனை, சொன்னவரின் பெயரோ ஊரோ அச்சில் வரக்கூடாது. விஏஓவும் படிப்பார்.